டெல்டா நகரத்துக்கு ஆலோசனை அறிக்கை எழுதுவது எப்படி: வாய்க்கால் கரையிலிருந்து மன்றத் தீர்மானம் வரை

காவிரிப் படுகையில் ஏதாவது ஒரு நகரத்தின் வெள்ளம் தேங்கும் இடங்களை ஒரு தாளிலும், கூலி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் இடங்களை இன்னொரு தாளிலும் வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் விழும். வாய்க்கால் கரை, குளத்துப் படுகை, ஆற்றோரப் புறம்போக்கு. அதனால் இங்கே வடிகால் திட்டம் வேறு, ஏழைகளுக்கான திட்டம் வேறு என்று இரண்டு அறிக்கை எழுத முடியாது. எழுதினால் முதல் அறிக்கை அகலப்படுத்தச் சொல்லும் கரையில் இரண்டாம் அறிக்கையின் வீடுகள் நிற்கும்.

நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ ஆலோசனை சொல்லப் போகிற திட்டமிடுநர், தொண்டு நிறுவனம், கல்லூரிக் குழு, ஓய்வுபெற்ற பொறியாளர் எல்லாருக்குமான வழிகாட்டி இது. சட்டம், துறைப் பெயர்கள் எல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியவை. காரைக்காலில் வேலை என்றால் 1973-ம் ஆண்டு புதுச்சேரி நகராட்சிகள் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

படி 1: கேள்வியைச் சுருக்குவது

வேலை கொடுப்பவர் "நகர மேம்பாட்டுக்கு ஆலோசனை வேண்டும்" என்றுதான் ஆரம்பிப்பார். அதை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். "இந்த வார்டில் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதை, யாரையும் ஊருக்கு வெளியே அனுப்பாமல், இரண்டு பட்ஜெட் ஆண்டுக்குள் நிறுத்த என்ன செய்யலாம்?" இதுதான் பதில் சொல்லக்கூடிய கேள்வி. இதில் இடம், மாதம், கெடு, நிபந்தனை நான்கும் இருக்கின்றன. ஒரு நகரத்துக்கு இப்படி மூன்று கேள்விக்கு மேல் எடுக்க வேண்டாம்.

ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு முழு வடகிழக்குப் பருவமழை வர வேண்டும். ஆனி, ஆடியில் தொடங்கி மாசியில் முடிப்பது நல்லது. பங்குனியில் தொடங்கி ஆவணியில் முடிகிற ஆய்வு, தண்ணீரையே பார்க்காமல் எழுதப்படும். கட்டணத்தைத் தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை அறிக்கை ஒப்படைப்போடு கட்டாமல், பரிந்துரைகள் மன்றக் கூட்டப் பொருளில் (அஜெண்டாவில்) வைக்கப்படும் நாளோடு கட்டச் சொல்லுங்கள். இரு தரப்புக்கும் அக்கறை இருக்கும்.

படி 2: தாள்களைச் சேர்ப்பது

நகர நில அளவைப் பதிவேடு, புலப்படங்கள், பழைய கிராம 'அ' பதிவேடு இந்த மூன்றும் முதலில் கைக்கு வர வேண்டும். 'அ' பதிவேட்டில் வாய்க்கால், குளம், பாதை, நத்தம் என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு புல எண்ணையும் (சர்வே எண்) இன்றைய செயற்கைக்கோள் படத்தில் குறியுங்கள். பதிவேட்டில் வாய்க்கால் இருந்து தரையில் தெரு இருந்தால், அங்கே கீழே பழைய குழாய்ப் பாலமோ மூடிய சாக்கடையோ இருக்க வாய்ப்பு உண்டு. தஞ்சாவூரில் சீர்மிகு நகரத் திட்டத்தில் அய்யன்குளத்தைச் சீரமைத்தபோது, சிவகங்கைக் குளத்திலிருந்து அதற்கு வரும் பழைய நிலத்தடி நீர்வழியைத் தேடிக் கண்டுபிடித்து மீட்டார்கள். பழைய நீர்வழி எப்படிப் போனது என்று தெரிந்தால் புதிதாகத் தோண்ட வேண்டிய செலவு குறையும்.

அடுத்து, எது யாருக்குச் சொந்தம் என்ற அட்டவணை. ஒரே தெருவில் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, அதன் ஓரச் சாக்கடை நகராட்சிக்கு, சாக்கடை போய்ச் சேரும் வாய்க்கால் நீர்வளத் துறைக்கு, பக்கத்துக் குளம் அறநிலையத் துறைக்கு என்று இருக்கும். இந்த அட்டவணை இல்லாமல் எழுதும் எந்தப் பரிந்துரையும் "எங்கள் எல்லையில் வராது" என்ற ஒரு வரிப் பதிலில் நின்றுவிடும். ஆணையரின் கையெழுத்தோடு ஒவ்வொரு துறைக்கும் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனு (10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு) கடைசி வழி. முதல் நாளே மனுப் போட்டால் உதவி செய்ய இருந்தவரும் எச்சரிக்கையாகிவிடுவார்.

மக்கள்தொகைக்கு இன்னும் 2011 கணக்குதான் கையில் உள்ளது: தஞ்சாவூர் 2,22,943, கும்பகோணம் 1,40,156. அதற்குப் பிறகு நகரங்களின் எல்லையும் மாறியிருக்கிறது. குடும்ப அட்டை, மின் இணைப்பு, சொத்து வரிப் பதிவு மூன்றையும் வார்டு வாரியாக ஒப்பிட்டால் இன்றைய அளவு கிட்டத்தட்டப் பிடிபடும். சொத்து வரிப் பதிவேட்டை மட்டும் நம்பினால் வாடகைக்கு இருப்பவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

படி 3: தண்ணீரின் நாள்காட்டி

வெளியூர் ஆலோசகர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மற்ற ஊர்களில் மழைநீர் வடிகால் காலியான ஓடையில் போய் விழும். டெல்டாவில் அது போய் விழும் வாய்க்கால் ஏற்கெனவே நிரம்பி ஓடிக்கொண்டிருக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படுகிறது. சம்பா, தாளடிக்குத் தண்ணீர் போகும் அதே அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. மழை வலுத்ததும் கல்லணையில் டெல்டா ஆறுகளுக்கான நீரைக் குறைத்துக் கொள்ளிடத்தில் திருப்புவார்கள். ஆனாலும் கீழே கிளை வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் அன்றைக்கே இறங்காது. வயல்களும் தங்கள் உபரியை அதில்தான் விடுகின்றன.

எனவே ஒவ்வொரு சாக்கடையின் வாய்க்கும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். அது விழுவது பாசன வாய்க்காலா, வடிகால் வாய்க்காலா? பாசன வாய்க்கால் வயலுக்குப் பாய வேண்டும் என்பதால் சுற்றுத் தரையை ஒட்டியோ அதைவிட உயரமாகவோ தண்ணீர் ஓடும்படி அமைந்தது, வடிகால் தாழ்வாக ஓடுவது. நகரச் சாக்கடையைப் பாசன வாய்க்காலில் இணைத்திருந்தால் ஆறு மாதம் தண்ணீர் பின்னோக்கித்தான் வரும். இரண்டாவது, அந்த வாய்க்காலின் முழுக் கொள்ளளவு மட்டத்துக்குச் சாக்கடை வாய் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மூன்றாவது, கீழே அடுத்த மதகு எங்கே, அதன் பலகையை யார் இறக்கி ஏற்றுகிறார்? கடைமடைக்குத் தண்ணீர் ஏற்ற இறக்கிய பலகை, மேலே ஒரு தெருவையே முழுக வைக்கலாம்.

நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் நான்காவதாக ஒன்றும் சேர்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய கடல் ஏற்றத்தின்போதும் முகத்துவாரத்தில் மணல் மூடும்போதும் வடிகால் கடலுக்குள் போகாது. அந்தத் தேதிகளை நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

படி 4: மட்டம் பார்ப்பது

கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு மீட்டர் சரிவுகூட இல்லாத மண் இது. இங்கே பத்து சென்டிமீட்டர் என்பது ஒரு தெருவின் தலையெழுத்து. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடங்களில் பிழையே மீட்டர் கணக்கில் இருக்கும். அவற்றை வைத்து டெல்டாவில் வடிகால் வரையாதீர்கள்.

முதன்மைப் புள்ளிகளுக்கு (வாய்க்கால் அடிமட்டம், பாலத்தின் தரை, சாக்கடை வாய், குளத்தின் வழிந்தோடி) ஆட்டோ லெவல் கருவியோடு (மட்டம் பார்க்கும் தொலைநோக்கி) அளவையாளரை வையுங்கள். வீட்டு வாசல்களுக்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். உள்ளே தண்ணீர் தெரியும் 20 மீட்டர் பிளாஸ்டிக் குழாய், இரண்டு பேர். ஒருவர் பொதுக் குழாயடியின் திட்டில் குறித்த புள்ளியில் ஒரு முனையைப் பிடிக்க, மற்றவர் வாசல்படி அருகே மறுமுனையைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பார். தண்ணீர் ஆடி நின்றதும் இரண்டு பக்கமும் பென்சில் கோடு. அங்கே கோட்டுக்கும் குறித்த புள்ளிக்கும் இடையே, இங்கே கோட்டுக்கும் வாசல்படிக்கும் இடையே டேப்பில் அளந்து கழித்தால் அந்த வீடு எவ்வளவு தாழ்வு என்று தெரிந்துவிடும். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி சிக்கினாலும் அளவு தவறும். ஒவ்வொரு தடவையும் இரண்டு முனையையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வெயிலில் கிடந்த குழாயில் குமிழி அதிகம் வரும், காலையிலேயே முடித்துவிடுவது உத்தமம்.

கூடவே வெள்ளக் கோட்டையும் அளக்க வேண்டும். சுவரில் பழுப்பாகப் படிந்த வரி, கதவின் அடியில் உப்பிய மரம், மின்பெட்டியை உயர்த்தி வைத்த அடையாளம் எல்லாம் சாட்சிகள். மார்கழி முடிவதற்குள் அளந்துவிடுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்ததும் அந்த வரி போய்விடும்.

சாலை மட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் சாலை வாசலைவிட உயர்ந்திருக்கும் தெருக்கள் உண்டு. சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருக்கிறார். அந்த நிபந்தனையைச் சாலைப் பணியின் மதிப்பீட்டிலேயே தனி இனமாகச் சேர்க்கச் சொல்வது உங்கள் பரிந்துரைகளில் குறைந்த செலவுள்ளவற்றில் ஒன்றாக இருக்கும்.

படி 5: கணக்கு

20 ஹெக்டேர் வார்டு, பெரும்பகுதி கட்டடமும் சாலையும் என்றால் விழும் மழையில் 70 சதவீதம் ஓடி வரும் என்று வையுங்கள். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழைக்கு வரும் நீர்: 20 × 0.7 × 50 ÷ 360 (360 அலகு மாற்றத்துக்கு), அதாவது நொடிக்குச் சுமார் 1.9 கன மீட்டர். 1.2 மீட்டர் அகலக் கான்கிரீட் வடிகாலில் ஒரு மீட்டர் ஆழம் ஓடினால், ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் அது கொண்டுபோவது 1.3 கன மீட்டர். இரண்டாயிரத்துக்கு ஒன்று சரிவில் 0.9 தான். டெல்டாவில் பல இடங்களில் இரண்டாவதுதான் கிடைக்கும். அதுவும் வாய் முழுகியிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. "வடிகாலை அகலப்படுத்து" என்ற ஒற்றைப் பரிந்துரை இங்கே தோற்பதற்குக் காரணம் இதுதான்.

குளத்தைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை மாறும். அதே வார்டில் ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஓடி வருவது 14,000 கன மீட்டர். ஒன்றரை ஏக்கர் குளத்தை ஐப்பசி தொடக்கத்தில் 1.2 மீட்டர் குறைவாக வைத்திருந்தால் அது ஏறத்தாழ 7,300 கன மீட்டரை வாங்கிக்கொள்ளும். பாதி வெள்ளம் அங்கேயே நின்றுவிடுகிறது. வாய்க்கால் வடிந்த பின் மெதுவாக விட்டுக்கொள்ளலாம். திருவாரூர்க் கமலாலயத்துக்கு "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி" என்று சொல்வழக்கு உண்டு. ஐந்து வேலி என்றால் சுமார் 33 ஏக்கர். ஊருக்கு நடுவே இத்தனை நிலத்தைத் தண்ணீருக்கு விட்டுவைத்த ஏற்பாட்டை ஒரு வடிகால் திட்டம் கணக்கில் எடுக்காமல் விடுவது பெரும் இழப்பு.

ஆனால் கோயில் குளத்தில் சாக்கடை கலந்த நீரை விட முடியாது, தெப்பத்துக்குத் தண்ணீர் குறையவும் கூடாது. ஆகவே கூரைநீர், மாடவீதி நீர் மட்டும் குளத்துக்கு. தெருச் சாக்கடை தனி வழியில். முதல் மழையின் அழுக்கை ஒதுக்கிவிட ஒரு மண்படிவுத் தொட்டியும் பலகை மதகும் வேண்டும். எந்த மாதம் எந்த மட்டம் என்பதைக் கோயில் நிர்வாகத்தோடு பேசி எழுத்தில் வாங்குங்கள்.

படி 6: யாரிடம், எந்த நேரத்தில் கேட்பது

காலை 11 மணிக்குத் திருமண மண்டபத்தில் கூட்டம் போட்டால் வருகிறவர்கள் வேலைக்குப் போகாதவர்களும் கட்சிக்காரர்களும்தான். தூய்மைப் பணியாளர்களை வருகைப் பதிவு முடிந்த கையோடு விடியற்காலையில் பாருங்கள். எந்தச் சாக்கடை எந்த மூலையில் அடைக்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி. மீன், காய்கறிக் கூடைக்காரப் பெண்களுக்கு மதியம் 2 மணி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்கு மாலை 6-க்கு மேல், அவர்கள் தெருவிலேயே. சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள், அவரோடு பேருந்து நிறுத்தம் வரை போய்ப் பாருங்கள். ஊர்த்தெருவில் கூட்டம் போட்டுவிட்டுக் காலனிக்காரர்கள் வரவில்லை என்று குறிப்பு எழுதுவது தவறு. அங்கே தனியாகப் போக வேண்டும்.

கரையோர வீடுகள் அத்தனையிலும், மற்ற இடங்களில் பத்துக்கு ஒரு வீட்டிலும் கேள்வித்தாள் போதும். "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "போன கார்த்திகையில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை? எத்தனை நாள் கூலி போனது? கழிப்பறை எத்தனை நாள் உபயோகப்படவில்லை?" என்று கேட்டால் எண் கிடைக்கும்.

2022 விதிகளின்படி அமைந்த வார்டு குழுவும் பகுதி சபையும் இதற்குச் சட்டப்பூர்வ இடம். கேட்டதை அங்கே வாசித்துப் பதிவு செய்தால் பிறகு "மக்கள் கேட்கவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

படி 7: கரையில் இருக்கும் வீடுகள்

ஆக்கிரமிப்பு என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். எழுதுவதற்கு முன்னால் கரையை மூன்றாகப் பிரியுங்கள். நீரோட்டத்துக்குள்ளேயே தூண் நிற்கும் வீடுகள். கரையில் இருந்தாலும் ஓட்டத்தைத் தடுக்காதவை. பதிவேட்டில் வாய்க்கால், ஆனால் தரையில் பாசனமே அற்றுப்போன இடத்தில் இருப்பவை. மட்ட அளவும் குறுக்குவெட்டுப் படமும் இருந்தால், உண்மையில் நகர வேண்டிய வீடுகள் முதல் வகை மட்டும்தான் என்று பல இடங்களில் தெரியவரும். அதே வாய்க்காலில் கடைக்காரர் போட்ட கான்கிரீட் மூடியையும், தனியார் மனைக்குப் போட்ட குறுகிய பாலத்தையும் அதே அளவுகோலில் அளந்து அதே பட்டியலில் எழுதுங்கள். குடிசையை மட்டும் எழுதுகிற அறிக்கை நேர்மையானதல்ல.

நகர்த்தத்தான் வேண்டும் என்றால் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் அறிவிப்பு முறையும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் மாற்று வீடும் முன்பின்னாக அல்ல, ஒன்றாக நடக்க வேண்டும். மாற்றிடத்தைச் சோதிக்க ஒரு வழி: அந்த இடத்திலிருந்து ஒரு தூய்மைப் பணியாளர் விடியற்காலை வருகைப் பதிவுக்கு வர முதல் பேருந்து உண்டா? மகளிருக்குக் கட்டணமில்லாச் சாதாரண நகரப் பேருந்து அங்கே போகிறதா? பிள்ளையின் பள்ளி எவ்வளவு தூரம்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்துக்குப் போனவர்கள் சில மாதத்தில் பழைய கரைக்கே திரும்புவார்கள்.

படி 8: கடைத்தெருவும் நடைபாதையும்

2014-ம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை இடம் தர வேண்டும் என்பது அளவு. 2011 கணக்கில் கும்பகோணத்துக்கே அது சுமார் 3,500 பேர். கணக்கெடுப்பை வாரத்தில் ஒரே நாளில் எடுத்தால் சந்தை நாள் வியாபாரிகள் விட்டுப்போவார்கள். திருவிழாக் கடைகளைத் தனிப் பட்டியலாக எடுங்கள். கும்பகோணத்தில் 2028 மகாமகம் வருகிறது. அதற்கான இடவரைவு இப்போதே விற்பனைக் குழுவின் முன் இருக்க வேண்டும்.

நடைபாதைக்குத் தடையில்லா அகலம் 1.8 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், சரிவுப்பாதை பன்னிரண்டுக்கு ஒன்று. நம் ஊர்களில் நடைபாதை என்பது சாக்கடை மேல் போட்ட சிலாப்தான். தூர்வாரும்போது கடப்பாரையால் நெம்பி உடைத்தபின் யாரும் அதில் நடப்பதில்லை. ஒரு சிலாப் இரண்டு பேர் தூக்கும் எடையில், தூக்குக் கொக்கிக்கான குழியோடு இருக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே காட்டுங்கள்.

படி 9: கழிவுநீர்த் தொட்டி

நிலத்தடி நீர் சில அடியிலேயே நிற்கும் ஊரில் உறிஞ்சு குழி மழைக்காலத்தில் உறிஞ்சாது. அடியில் பூசாத தொட்டியில் நிலத்தடி நீர் உள்ளே ஏறும், கழிவு வெளியே இறங்கும், பக்கத்து அடிபம்பு கெடும். தொட்டி அடியும் பக்கமும் பூசியதாக இருக்க வேண்டும். 24 மணி நேரம் நீர் நிரப்பி மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கட்டட முடிவுச் சான்று தரச் சொல்லுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை கழிவு எடுப்பதாக வைத்து, 20,000 தொட்டி, தொட்டிக்கு 3 கன மீட்டர், ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் நாளுக்குச் சுமார் 67 கன மீட்டர் சுத்திகரிப்புத் திறன் தேவை. அது இல்லாத ஊரில் லாரி இரவில் வடிகாலைத்தான் தேடும். தொட்டிக்குள் மனிதரை இறக்குவது, கையால் கழிவகற்றுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற லாரிக்கான 14420 எண்ணை ஒவ்வொரு சொத்து வரி ரசீதிலும் அச்சிடச் சொல்வதற்குச் செலவே இல்லை.

படி 10: பரிந்துரையை எழுதுவது

ஒரு பரிந்துரைக்கு ஒரு பக்கம். புல எண், துறை, பொறுப்பு அலுவலரின் பதவி, தோராயச் செலவு, கணக்குத் தலைப்பு, எந்த மாதத்தில் செய்வது, யாருக்கு இழப்பு, அந்த இழப்புக்கு என்ன ஈடு. மாதம் முக்கியம். தூர்வாரல் சித்திரை, வைகாசியில் முடிய வேண்டும். ஜூனில் ஒப்பந்தம் விட்டால் தண்ணீர் வந்துவிடும், ஆகாயத்தாமரையை மேலே அள்ளிப் போட்டதற்கே பில் எழுதப்படும்.

பணத்துக்கு அம்ருத் 2.0, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், மக்கள் பங்களிப்போடு 'நமக்கு நாமே', நிதிக்குழு மானியம் என்று வழிகள் இருந்துவருகின்றன; எது இன்னும் நடப்பில் உள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் தூய்மைக்கும் என்று கட்டப்பட்டிருந்தது. 2026 ஏப்ரலிலிருந்து 16-வது குழுவின் காலம், நிபந்தனைகளைப் புதிதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

படி 11: மன்றமும் அதன் பிறகும்

மன்றத்துக்கு முழு அறிக்கை போகாது, பொருள் குறிப்புதான் போகும். அந்த அரைப்பக்கக் குறிப்பைத் தீர்மான வாசகத்தோடு நீங்களே எழுதிக் கொடுங்கள். கூட்டத்துக்கு முன் வார்டு உறுப்பினரை அழைத்துப் போய் டியூப் லெவல் கோட்டை நேரில் காட்டுங்கள்.

வேலை முடிந்த பின் வரும் முதல் பெருமழையன்று, ஏற்கெனவே அளந்த அதே வாசல்களில் மீண்டும் அளக்க வேண்டும். தேதி, மணி, மழை அளவு, மதகுப் பலகையின் நிலை நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வார்டு அலுவலகத்தில் ஒன்றும் மகளிர் குழுவிடம் ஒன்றும் வையுங்கள். சுவர்க் கோடு வெள்ளையடிப்பில் போய்விடும் என்பதால், பாலத்தின் பக்கச் சுவரில் உளியால் ஒரு வெட்டு வெட்டி, அதன் மட்டத்தை நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.